மேஜை டிரில்லிங் மிஷின்: ஜாப்பைப் பிடிப்பது எது?

அம்பத்தூரிலோ கோவை கணபதியிலோ பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். லேத்துக்கு ஒரு டர்னர் இருப்பார். அவர் லீவு போட்டால் லேத்தும் லீவு. மில்லிங் மிஷினில் வேறு யாரும் கை வைக்க மாட்டார்கள். வெல்டிங் செட்டுக்கும் ஆள் உண்டு. மூலையில் பெஞ்சின் மேல் நிற்கிற டிரில்லிங் மிஷினுக்கு மட்டும் ஆள் கிடையாது. ஃபிட்டர் வந்து ஒரு ஹோல் போடுவார், வெல்டர் வந்து போடுவார், பக்கத்துப் பட்டறைப் பையன் "அண்ணே, ஒரே ஒரு ஓட்டை" என்று கேட்டுப் போட்டுக்கொண்டு போவான். எல்லாரும் தொடுகிற மிஷின் என்பதால் அதை யாரும் உட்கார்ந்து கற்றுக்கொள்வதில்லை. சுவிட்சைப் போட்டுக் கைப்பிடியை இழுத்தால் துளை விழுகிறது, இதில் படிக்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு.

புதிதாக வருகிறவர்கள் பிட் கையில் குத்திவிடுமோ என்று பயப்படுவார்கள். பயப்பட வேண்டியது குத்துவதற்கு அல்ல, சுற்றுவதற்கு. ஓடுகிற பிட் தன்னைத் தொட்ட எதையும் தன்னோடு சேர்த்துச் சுற்றப் பார்க்கும். இறுக்காத ஜாப், கையுறை, சட்டைக் கை, தலைமுடி, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக் கயிறு என்று அதற்குப் பேதமே இல்லை. ஆகவே இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்தப் போவது ஒன்றைத்தான்: மிஷின் ஓடும்போது ஜாப்பைப் பிடித்திருப்பது இரும்பாக இருக்கட்டும், உங்கள் கையாக இருக்க வேண்டாம். மற்ற விதிகளில் பாதி இதிலிருந்தே வந்துவிடும்.

மிஷினும் அதன் இருப்பிடமும்

சிறு பட்டறைகளில் பரவலாக இருப்பது 13 மி.மீ. மிஷின். அதன் சக்கில் நுழையக்கூடிய பெரிய பிட்டின் விட்டம் அது. அரை எச்.பி. மோட்டார் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1440 சுற்று ஓடும். மேல் மூடிக்குள் இரண்டு ஸ்டெப் புல்லிகள், அவற்றை இணைக்கும் வி பெல்ட். முன்பக்கப் புல்லியின் நடுவே இறங்குகிற ஸ்பிண்டிலின் நுனியில் சக். வலப்பக்கம் மூன்று கைப்பிடிகள், கீழே காலம் என்கிற தூணில் ஏறி இறங்கும் டேபிள், அடியில் வார்ப்பிரும்பு பேஸ்.

மோட்டார், புல்லி, ஸ்பிண்டில் எல்லாம் மேலேயே இருப்பதால் இது தலைப்பாரமான மிஷின். பேஸில் உள்ள துளைகள் அழகுக்கு இல்லை. நாலு போல்ட் போட்டு பெஞ்சோடு இறுக்குங்கள். பெஞ்ச் ஆடினால் அதையும் தரையோடு இறுக்குங்கள். டேபிள் உயரத்தை மாற்றியதும் அதன் லாக் கைப்பிடியை முறுக்க மறந்து துளை போட ஆரம்பிப்பது அடிக்கடி நடக்கும் தவறு. அழுத்தம் ஏறியதும் டேபிள் நழுவித் திரும்பும், பிட் உடையும்.

கரண்ட் போய் வரும்போது

பழைய மிஷின்களில் வீட்டு சுவிட்ச் மாதிரி மேலே கீழே தட்டுகிற சுவிட்ச்தான் இருக்கும். வேலை நடுவில் கரண்ட் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிண்டில் நிற்கிறது. நின்ற மிஷின்தானே என்று பிட்டில் சிக்கிய சுருளை விரலால் உருவுகிறீர்கள், அல்லது பிட்டை மாற்ற சக் சாவியைப் போடுகிறீர்கள். சுவிட்ச் இன்னும் போட்டபடியே இருக்கிறது. கரண்ட் வந்ததும் மிஷின் யாரையும் கேட்காமல் ஓடத் தொடங்கும்.

பச்சை, சிவப்பு பட்டன் வைத்த டி.ஓ.எல். ஸ்டார்ட்டரில் இது நடக்காது. உள்ளே இருக்கும் நோ-வோல்ட் காயில் கரண்ட் இருக்கும்வரைதான் இணைப்பைப் பிடித்து வைக்கும். கரண்ட் போனதும் விட்டுவிடும். வந்த பிறகு பச்சைப் பட்டனை நீங்கள் அழுத்தினால்தான் மோட்டார் ஓடும். மோட்டாரில் சுமை கூடினால் அணைக்கிற ரிலேயும் அதிலேயே உண்டு. மிஷினுக்குச் செலவழிக்க ஒரே ஒரு தடவைதான் பணம் இருக்கிறது என்றால், புது வைஸுக்கு முன்னால் இந்த ஸ்டார்ட்டரை வாங்கச் சொல்வேன். காயில் கெட்டுப்போன ஸ்டார்ட்டரில் பச்சைப் பட்டன் உள்ளேயே நிற்கும்படி ஆப்பு சொருகியிருந்தால், அந்த மிஷினைத் தொடாதீர்கள். அது மறுபடி சாதா சுவிட்சாகிவிட்டது. போதாக்குறைக்கு, சிவப்புப் பட்டனை நம்பலாமா என்பதும் சந்தேகம்.

ஸ்டார்ட்டரை எங்கே வைப்பது? வலக்கை ஃபீட் கைப்பிடியில் இருக்கும். ஆகவே சிவப்புப் பட்டன் இடக்கைக்கு எட்ட வேண்டும். அதைத் தொடக் கை சக்கைத் தாண்டிப் போகக் கூடாது. சுவரில் மிஷினுக்குப் பின்னால் ஸ்டார்ட்டரை மாட்டியிருக்கும் பட்டறைகளைப் பார்த்தால், மாட்டியவர் ஒரு நாளும் அதில் துளை போட்டவர் இல்லை என்று தெரிந்துவிடும். கூலண்ட் சொட்டும் மிஷின் என்பதால் பாடியில் எர்த் கட்டாயம் இருக்க வேண்டும். லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் இன்னும் நல்லது.

கையுறை வேண்டாம்

பாதுகாப்பு என்றாலே கையுறை என்று பழகியவர்களுக்கு இது உறுத்தும். வெல்டிங்குக்கும் ஷீட் தூக்குவதற்கும் கையுறை வேண்டும்தான். சுற்றுகிற ஸ்பிண்டிலுக்குப் பக்கத்தில் அது ஆபத்து. வெறும் விரல் பிட்டில் உரசினால் தோல் கிழியும், கை தானாகப் பின்னுக்கு வரும். கையுறையின் ஒரு நூல் பிட்டின் பள்ளத்தில் மாட்டினால் கையுறை முழுவதும் சுற்றிக்கொள்ளும், உள்ளே இருக்கும் விரல்களோடு. ஷீட்டின் ஓரம் கையை அறுக்கும் என்ற கவலை நியாயமானது. அதற்கு வழி, முதலில் ஓரத்தை அரம் போட்டு மழுக்குவது. கையுறையோடு ஜாப்பைக் கொண்டுவந்து டேபிளில் இறுக்குங்கள், பிறகு கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் பச்சைப் பட்டனைத் தொடுங்கள்.

மோதிரம், கைக்கடிகாரம், வளையல், மணிக்கட்டில் கட்டிய காப்புக் கயிறு எல்லாமே இந்தக் கணக்கில் வரும். மோதிரம் மாட்டினால் விரலின் தோலை உறையாக உருவிவிடும். அந்தக் காயத்தைச் சரிசெய்வது கை அறுவை மருத்துவர்களுக்கே கடினம். கோயில் கயிற்றைக் கழற்ற மனம் வராதவர்கள் முழங்கைக்கு மேலே ஏற்றிக் கட்டி, சட்டைக் கைக்குள் மறைத்துக்கொள்ளலாம். கார்த்திகையில் மாலை போட்டிருப்பவர்கள் மாலையைச் சட்டைக்கு உள்ளே விட்டு, கழுத்துப் பட்டன்வரை போடுங்கள். தோளில் துண்டு, தொங்குகிற துப்பட்டா, இயர்போன் வயர் எதுவும் வேண்டாம். நீண்ட முடியைக் கொண்டையிட்டுத் தொப்பிக்குள் செருகுவதுதான் சரி. பின்னல் போதாது, குனியும்போது அது முன்னால் வந்து விழும்.

கண்ணுக்குப் பக்கவாட்டு மறைப்புள்ள கண்ணாடி. பவர் கண்ணாடி போட்டிருக்கிறேனே என்பார்கள். அதன் பக்கவாட்டிலும் கீழேயும் சில்லு நுழைய நிறைய வழி உண்டு. அதற்கு மேலேயே மாட்டிக்கொள்ளும் அகலமான கண்ணாடி கிடைக்கிறது. பிளேடு போலத் தெறிக்கும் சில்லுக்கு எதிராகக் கண்ணைக் காக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே 35ஆம் பிரிவில் தனியாகச் சொன்னது. காலில் மூடிய ஷூ. செருப்பு வாருக்கும் பாதத்துக்கும் நடுவில் சூடான சுருள் ஒன்று விழுந்தால், அந்த நிமிடம் உங்கள் கவனம் ஜாப்பில் இருக்காது.

பிடிமானம்

இனி விஷயத்துக்கு வருவோம். அரை எச்.பி. மோட்டார், ஸ்பிண்டிலை 500 சுற்றில் ஓட்டும்போது ஏறத்தாழ 7 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைத் தரும். பிட்டிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஃபிளாட்டைப் பிடித்திருக்கும் கையில் இது 7 கிலோ எடையின் இழுப்பு. ஏழு கிலோவைப் பிடிக்க முடியாதா என்று தோன்றும். ஆனால் இது நிதானமாக ஓடும்போது உள்ள கணக்கு. பிட் சிக்கிய நொடியில் மோட்டார் இதைவிட அதிகமாகத் தள்ளும். ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் ரோட்டரும் புல்லிகளும் சக்கும் தங்கள் வேகத்தையும் அதன்மேல் கொட்டும்.

வேகம் இன்னும் மோசம். 500 சுற்று என்றால் நொடிக்கு எட்டுச் சுற்றுக்கு மேல். 20 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டின் முனை மணிக்கு 37 கிலோமீட்டர் வேகத்தில் வரும். ஏதோ தவறு என்று மூளை உணர்ந்து கை விலகக் கால் நொடி ஆகும். அதற்குள் ஃபிளாட் இரண்டு முறை சுற்றி வந்திருக்கும். "நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன்" என்பதற்கு இங்கே அர்த்தமே கிடையாது. கெட்டியாகப் பிடித்தவரின் கைதான் விடுபடாமல் கூடவே போகும்.

ஆகவே மிஷின் வைஸ். அதில் ஜாப்பை இறுக்கினால் மட்டும் போதாது, வைஸையும் டேபிளின் பள்ளம் வழியாகப் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். நிறையப் பேர் முதல் பாதியைச் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். இறுக்காத வைஸ் சுற்ற ஆரம்பித்தால், வெறும் ஃபிளாட்டைவிட எடையுள்ள ஒன்று கையை நோக்கி வருகிறது. ஒவ்வொரு துளைக்கும் வைஸை நகர்த்த வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் போல்ட்டை எப்படித் தளர்த்துவது என்று கேட்பவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. சின்னப் பிட்டு வேலையில், வைஸின் இடப்பக்கம் டேபிள் பள்ளத்தில் ஒரு தடித்த போல்ட்டை நிறுத்தி இறுக்கி, வைஸ் அதில் முட்டி நிற்கும்படி வையுங்கள். பிட் இழுத்தாலும் வைஸ் சுற்ற முடியாது. 6 மி.மீ.க்கு மேல் போனால் இந்த நடுவழியும் வேண்டாம், போல்ட்தான்.

ஏன் இடப்பக்கம்? மேலிருந்து பார்த்தால் ஸ்பிண்டில் கடிகார முள் திசையில் சுற்றுகிறது. மிஷினுக்கு முன்னால் நிற்கிற உங்களுக்கு, ஜாப்பின் வலது முனை உங்களை நோக்கி வரும், இடது முனை உங்களிடமிருந்து விலகிக் காலத்தை நோக்கிப் போகும். நீளமான ஃபிளாட்டிலோ ஆங்கிளிலோ துளை போடும்போது நீண்ட பக்கத்தை இடப்புறமாக விட்டு, காலத்தின் இடப்பக்கத்தில் சாய்ந்து முட்டும்படி வையுங்கள். கிளாம்ப் நழுவினாலும் அடியைக் காலம் வாங்கிக்கொள்ளும். வலப்புறம் நீட்டி வைத்தால் அந்த அடி உங்கள் வயிற்றுக்கு.

வைஸில் நிற்காத ஜாப்புக்குப் பட்டைக் கிளாம்ப். இதில் எல்லாரும் தவறும் இடம் போல்ட்டின் நிலை. போல்ட் ஜாப்புக்குப் பக்கத்திலும், பின்னால் வைக்கும் பேக்கிங் கட்டை தூரத்திலும் இருக்க வேண்டும். பேக்கிங் ஜாப்பின் உயரத்துக்குச் சமமாகவோ ஒரு நூல் கூடவோ இருக்கட்டும். பேக்கிங் தாழ்ந்திருந்தால் கிளாம்ப் ஜாப்பின் ஓரத்தை மட்டும் கவ்வும், பார்வைக்கு இறுக்கமாகத் தெரியும், முதல் அதிர்விலேயே விடும். ஒரே கிளாம்ப் போட்டால் ஜாப் அதையே அச்சாக வைத்துத் திரும்பும். இரண்டு போடுங்கள்.

ஷாஃப்ட் மாதிரி உருளைக்கு வி பிளாக்கும் அதன் கிளாம்ப்பும். பைப்பைத் தட்டையான வைஸ் தாடையில் பிடித்தால் உருண்டுவிடும்.

மெல்லிய ஷீட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கனமான பிளேட்டைவிட 1 மி.மீ. ஷீட்தான் ஆபத்து. பிட்டின் முனை மறுபக்கம் வந்த பிறகும் அதன் அகலப்பகுதி இன்னும் மேலேயே நிற்கும். சுற்றி வளையத் தாங்கல் இல்லாத ஷீட், திருகாணியில் நட்டு ஏறுவதுபோல் பிட்டின் சுருள் பள்ளத்தில் மேலேறிச் சுற்ற ஆரம்பிக்கும். நாலு பக்கமும் வெட்டுமுனை உள்ள தகடு அது. மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு மரப்பலகைக்கு நடுவில் ஷீட்டை வைத்து, மூன்றையும் சேர்த்துக் கிளாம்ப் செய்து துளை போடுங்கள். துளை வட்டமாகவும் விழும். பலகை இல்லாமல் போட்டால் அது முக்கோணமாகத்தான் வரும். ஷீட் வேலை அதிகமாக இருந்தால், படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில் ஒன்று வாங்கிவிடலாம்.

பித்தளையும் இப்படித்தான் இழுக்கும். எஃகுக்குத் தீட்டிய கூர் அதில் அளவுக்கு மீறிக் கடித்து உள்ளே பாயும். பிட்டின் இரு வெட்டு விளிம்புகளின் முன்பக்கத்தையும் எண்ணெய்க்கல்லில் லேசாகத் தேய்த்துத் தட்டையாக்கினால் அது கடிப்பதை விட்டுச் சுரண்டும். அப்படித் தேய்த்த பிட்டைத் தனியே வையுங்கள், எஃகில் அது மெதுவாகத்தான் போகும். அக்ரிலிக் தகட்டுக்கும் அதே பிட் நன்றாக உதவும்.

சக், சாவி, பிட்

நாம் இன்று பயன்படுத்தும் சாவி போட்டு இறுக்கும் மூன்று தாடைச் சக்குக்குக் காரணம் ஆர்தர் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கர். பழைய சக்கை ஸ்பானரால் முறுக்கும்போது கை முட்டி அடிபட்டதில் எரிச்சல்பட்டுப் புதிதாக ஒன்றை யோசித்தார், 1902இல் காப்புரிமை வாங்கினார் என்பார்கள். சக்கின் பின்புறம் பொறித்திருக்கும் ஜே.டி. 6 போன்ற எழுத்துகளில் இருப்பது அவர் பெயர்தான். கை அடிபடாமல் இருக்க வந்த அந்தச் சாவியே இன்று இன்னொரு ஆபத்து. சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்டார்ட் செய்தால் அது எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. காணாமல் போகக் கூடாது என்று அதை மிஷின் தலையில் கயிறு கட்டித் தொங்கவிடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சாவி சக்கில் இருந்தபடி மிஷின் ஓடினால் கயிறும் சேர்ந்து சுற்றிச் சவுக்காக அடிக்கும். காலத்தில் ஒரு கொக்கி போதும். ஸ்பிரிங் வைத்த சாவியும் கடையில் உண்டு, கையை எடுத்ததும் தானே வெளியே வந்துவிடும். விலையும் அதிகமில்லை. சாவியைப் போட்ட கை அதை எடுக்கும்வரை விடக் கூடாது என்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பிட்டை அதன் மழமழப்பான ஷேங்க் பகுதியில் மட்டும் பிடியுங்கள், பள்ளத்தில் தாடை படக் கூடாது. சக்கின் மூன்று சாவித் துளையிலும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒன்றில் மட்டும் இறுக்கினால் முழுப் பிடி கிடைக்காது. 3 மி.மீ. மாதிரிச் சின்ன பிட் இரண்டு தாடைகளுக்கு நடுவில் போய்ச் சொருகிக்கொள்ளும். சக்கைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தால் நுனி வட்டம் போடுவதில் தெரிந்துவிடும்.

13க்கு மேல் பெரிய பிட் வேண்டும் என்று 20 மி.மீ. பிட்டின் ஷேங்கை லேத்தில் கடைந்து இந்தச் சக்கில் மாட்டுகிறவர்கள் உண்டு. சக் பிடிக்கும், பெல்ட்டும் மோட்டாரும் உங்கள் கிளாம்ப்பும்தான் தாங்காது. அந்த வேலையைப் பில்லர் டிரில்லுக்கு எடுத்துப் போங்கள். அங்கே டேப்பர் ஷேங்க் பிட் நேராக ஸ்பிண்டிலில் உட்காரும். அந்தச் சரிவுக்குப் பெயர் தந்த ஸ்டீஃபன் மோர்ஸ்தான் 1863இல் முறுக்குப் பள்ளமுள்ள பிட்டுக்குக் காப்புரிமை பெற்றவர். அதைக் கழற்ற டிரிஃப்ட் என்ற ஆப்பைத்தான் பயன்படுத்த வேண்டும். கீழே ஒரு பலகை போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிட்டின் முனை டேபிளில் குத்தி மழுங்கும்.

எத்தனை சுற்று

எச்.எஸ்.எஸ். பிட்டுக்கும் மைல்ட் ஸ்டீலுக்கும் ஒரு குறுக்குவழி: 8000ஐப் பிட்டின் மில்லிமீட்டரால் வகுங்கள். 10 மி.மீ. பிட்டுக்கு 800 சுற்று, 5 மி.மீ.க்கு 1600. இதன் பின்னால் இருப்பது நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம் என்ற கணக்கு. வார்ப்பிரும்புக்கு 8000க்குப் பதில் 6000, எஸ்.எஸ்.ஸுக்கு 4000, பித்தளைக்கு 15000, அலுமினியத்துக்கு 20000 வரை. மூடிக்குள் ஒட்டியிருக்கும் அட்டவணையில் அந்த எண் இல்லையென்றால் அதற்குக் கீழே உள்ள வேகத்தை எடுங்கள். பெரிய பிட்டை வேகமாக ஓட்டுவதுதான் பரவலான தவறு. பெல்ட்டை மாற்றச் சோம்பல். காலையில் 4 மி.மீ.க்கு வைத்த வேகத்திலேயே மாலையில் 12 மி.மீ. போடுவார்கள். பிட்டின் ஓரம் நீலமாகி எரிந்துபோன பிறகு பிட் கம்பெனியைத் திட்டுவார்கள்.

எஸ்.எஸ். விஷயத்தில் மெதுவான வேகத்தோடு அழுத்தமும் வேண்டும். பயந்து லேசாக உரச விட்டால் அந்த இடம் கெட்டிப்பட்டுவிடும், பிறகு புது பிட் போட்டாலும் இறங்காது. 135 டிகிரி முனை, நிறையக் கட்டிங் ஆயில், விடாத ஃபீட்.

பெல்ட் மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். மோட்டாரின் இழுவையைத் தளர்த்திய பிறகுதான் பெல்ட்டை நகர்த்த வேண்டும். தளர்த்தாமல் கையால் புல்லியைச் சுற்றி ஏற்றினால் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் விரல் நுழையும். கரண்ட் இல்லாமலேயே நகம் போகும். மூடியை மூடிய பிறகு ஸ்டார்ட்.

இறக்குவதும் விடுவதும்

ஸ்க்ரைபரால் கோடு போட்டு, சந்திப்பில் சென்டர் பஞ்ச் அடியுங்கள். அந்தக் குழி இல்லாவிட்டால் பிட் மேற்பரப்பில் நடந்து போகும். 8 மி.மீ.க்கு மேல் என்றால் முதலில் பைலட் துளை. பைலட்டை எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் நல்லது என்று நினைக்காதீர்கள். பெரிய பிட்டின் நடுவில் உள்ள உளி விளிம்பின் அகலத்துக்கு இருந்தால் போதும். அதைவிடப் பெரிதானால் பெரிய பிட் நிதானமாக இறங்காமல் ஓரத்தைக் கடித்து இழுக்கும்.

பிட்டின் கூர் சரியாக இருந்தால் இரண்டு பள்ளத்திலிருந்தும் ஒரே மாதிரி இரண்டு சுருள்கள் வெளியே வரும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் தீட்டியது சமமில்லை, துளை அளவைவிடப் பெரிதாக விழும். சுருள் ஒரு முழ நீளத்துக்கு வளர்ந்து சக்கோடு சுற்றினால் அது சவரக் கத்திதான். ஃபீடை ஒரு கணம் தளர்த்தி மறுபடி அழுத்துங்கள், சுருள் ஒடிந்து விழும். ஒடியாமல் சுற்றிக்கொண்டால் மிஷினை நிறுத்திவிட்டு பிரஷ்ஷாலோ கம்பிக் கொக்கியாலோ எடுங்கள். கையால் கூடாது, கம்ப்ரஸர் காற்றால் ஊதவும் கூடாது. வாயால் ஊதினால் பொடி உங்கள் கண்ணுக்கே திரும்பும். துளையின் ஆழம் பிட் விட்டத்தைப் போல மூன்று மடங்கைத் தாண்டும்போது அவ்வப்போது பிட்டை முழுக்க மேலே தூக்கிப் பொடியை வெளியேற்றிவிட்டு இறங்குங்கள். கூலண்ட்டைப் புட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக விடலாம், பிரஷ்ஷாலும் தரலாம். வேஸ்ட் துணியை நனைத்துப் பிட்டில் ஒற்றுவது கையுறைக்குச் சமமான குற்றம்.

கவனம் மிகக் கூட வேண்டிய இடம் கடைசி ஒரு மில்லிமீட்டர். பிட்டின் நட்ட நடுவில் இருக்கும் உளி விளிம்பு உலோகத்தை வெட்டுவதில்லை, அழுத்திப் பிதுக்குகிறது. நீங்கள் கைப்பிடியில் கொடுக்கும் பலத்தில் பெரும் பங்கு அதற்கே போகிறது. அது மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் அந்தத் தடை சட்டென்று போய்விடும். உங்கள் கை அதே பலத்தோடு அழுத்திக்கொண்டிருக்கும். ஸ்பிண்டில் ஒரே குதியாக இறங்கும். வெட்டு விளிம்புகள் மிச்சமிருக்கும் மெல்லிய தோலைத் தடியாகக் கடிக்கும். பள்ளத்தின் சுழி ஜாப்பை மேலே இழுக்கும். பிட் உடைவது, ஜாப் பிய்த்துக்கொண்டு கிளம்புவது எல்லாம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இது வருவதற்கு முன் அடையாளங்கள் உண்டு. சத்தம் மாறும். துளைக்குள் தேங்கி நின்ற கூலண்ட் திடீரென்று கீழே வடியும். கைப்பிடியில் ஒரு சின்ன உதறல் வரும். அப்போதே கையின் பாரத்தைப் பாதியாக்குங்கள். ஃபீட் நிற்கக் கூடாது, ஆனால் இறங்கும் ஸ்பிண்டிலைக் கை பிடித்து நிறுத்துகிற பாங்கில் மெதுவாக விடுங்கள். ஜாப்புக்கு அடியில் ஒரு மரக்கட்டை கொடுத்திருந்தால் குதிப்பு பெரிதும் குறையும், டேபிளிலும் துளை விழாது. டேபிளைப் பார்த்தால் போதும், அந்தப் பட்டறையில் கட்டை வைக்கும் பழக்கம் உண்டா என்று சொல்லிவிடலாம்.

சிக்கினால், அடிபட்டால்

பிட் சிக்கி மோட்டார் முனகினால் உடனே சிவப்புப் பட்டன். அதன் பிறகு மெயினையும் அணைத்து, சக்கைக் கையால் எதிர்த்திசையில் திருப்பி விடுவியுங்கள். ஜாப் பிய்த்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தால் அதைப் பிடிக்கப் போகாதீர்கள். சிவப்புப் பட்டனை எட்ட முடிந்தால் அழுத்திவிட்டுப் பின்வாங்குங்கள். எட்ட முடியாதென்றால் முதலில் பின்வாங்கி, மெயினை அணைக்கப் போங்கள். ஜாப்பை யாரும் வருத்தப்பட்டுக் காப்பாற்ற வேண்டியதில்லை, இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம்.

கையில் வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வையுங்கள். வீக்கம் வருமுன் அந்தக் கையின் மோதிரத்தைக் கழற்றுங்கள். விரல் துண்டானால், துண்டைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். துண்டு நேராக ஐஸில் படக் கூடாது. 108ஐ அழைக்கும்போதே கை அறுவை சிகிச்சை வசதி எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்; சென்னையில் அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் அதற்கென்றே தனித் துறை இருக்கிறது. உங்கள் ஊரில் எங்கே என்பதை இப்போதே விசாரித்து ஸ்டார்ட்டருக்கு மேலே எழுதி ஒட்டலாம்.

கண்ணில் சில்லு விழுந்தால் கசக்காதீர்கள். எல்லாப் பட்டறையிலும் துணி நுனியால் தூசி எடுக்கும் கைராசிக்காரர் ஒருவர் இருப்பார், அவரிடம் போகாதீர்கள். இரும்புச் சில்லு கருவிழியில் தங்கினால் ஓரிரு நாளில் துருப்பிடித்து வளையம் போட்டுவிடும், சுரண்டினால் இன்னும் ஆழமாக இறங்கும். அழுத்தாமல் ஒரு காகிதக் கப்பால் கண்ணை மூடிக்கொண்டு நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள்.

வேலை முடிந்ததும்

துளையின் கீழ் விளிம்பில் நிற்கும் பிசிறு கத்தியைவிடக் கூரானது. ஜாப்பைக் கையில் எடுத்துத் தடவிப் பார்ப்பதற்கு முன் கவுண்டர்சிங்க் பிட்டாலோ அரத்தாலோ அதை எடுத்துவிடுங்கள். கவுண்டர்சிங்க் போடும்போது வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதிர்ந்து விளிம்பு வரிவரியாக விழும். ஜாப் வைஸில் இருக்கும்போதே மேல் பக்கத்தைப் போட்டு, திருப்பி இறுக்கிக் கீழ்ப் பக்கத்தையும் போடலாம்.

பிட்டைச் சக்கிலேயே விட்டுப் போகாதீர்கள். அடுத்து வருகிறவர் டேபிளைத் துடைக்கும்போது அதன் முனை புறங்கையில் கிழிக்கும். மெயினை அணைத்துவிட்டு பொடியை பிரஷ்ஷால் தள்ளி முறத்தில் வாருங்கள். டேபிள் பள்ளங்களில் தங்கும் பொடியைக் கொக்கியால் இழுத்தால்தான் வரும், அது தங்கியிருந்தால் நாளைக்கு டி போல்ட் சரியாக உட்காராது. தரையில் சிந்திய கூலண்ட்டின் மேல் மரத்தூள் போட்டுப் பெருக்குங்கள். காலத்தை வேஸ்ட் துணியால் துடைத்து மெல்லிதாக எண்ணெய் பூசுங்கள். வாரம் ஒரு முறை பெல்ட்டின் உட்பக்கத்தைப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். ஸ்பிண்டிலை மேலே இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கைப்பிடியை விட்ட பிறகும் பிட் ஜாப்புக்குள்ளேயே நிற்கும். அதன் மூடியைத் திருப்பி முறுக்கேற்ற வேண்டும். ஸ்பிரிங் சட்டென்று விடுபட்டு அடிக்கும், ஆகவே பழகிய ஒருவரை வைத்துக்கொண்டே செய்யுங்கள்.